கீரியில் தைத்த இறக்கை

1

போன சனிக்கிழமையோடு நான் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிப் பத்து வருஷம் முடிந்தது. ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் "ஆகாயக் கப்பல் கந்தோரில் பெரிய உத்தியோகம்" என்று என் பெயருக்குக் கீழே எழுதுகிறார்கள். தபால்காரன் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறான். என் உத்தியோகம் களஞ்சியம் பார்ப்பது. விமானக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகர அறை. அதில் திருகாணி, நூல், துணி, எண்ணெய் எல்லாம் இருக்கும். கேட்டு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். பத்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மேலே பறந்ததில்லை. பறக்கிறாயா என்று யாரும் கேட்டதுமில்லை.

கொட்டகையை நடத்துவது இங்குள்ள பறப்போர் சங்கம். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் மதிய விருந்து வைத்து, விமானத் தொழிலில் சிறப்பாகச் சாதித்த ஒருவருக்குத் தங்கப் பதக்கம் கொடுப்பார்கள். வழக்கமாக எனக்கு அந்த நாளில் விருந்தினர் உட்காரக் கதிரை எண்ணுகிற வேலை மட்டும்தான். போன வருஷம் பதக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிற சேவகனுக்குக் காய்ச்சல். அதனால் சிவப்புப் பட்டுத் தலையணையில் பதக்கத்தை வைத்து என் கையில் தந்து, மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். தலையணையோடு நிற்கிறவன் இடையில் விலகிப் போக முடியாது. அதனால் பேச்சு முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று.

பதக்கம் வில்மொட் துரைக்கு. கொழும்பிலிருந்து வங்காள விரிகுடாவின் கரையோரமாகவே சுற்றி, சின்ன விமானம் ஒன்றில் தனியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர். இப்போது இங்கே இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பயணத்தையும், பிறகு அவர் பழக்கிவிட்ட விமானிகளையும் சேர்த்துத்தான் பதக்கம். தலைவர் பாராட்டுரையை வாசித்தார். ரங்கூன், பினாங்கு, புயல், மூடுபனி என்று எல்லாம் வந்தது. பிறகு தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்த பகுதி இது:

"இலங்கையின் மன்னார்க் கரையில் இறக்கை கிழிந்தபோது, ஊர்ப் பெண் ஒருத்தி அதைத் தைத்தாள். அந்தத் தையல் அடுத்த தடவை இறங்கும்வரைக்கும்தான் தாங்கும் என்று தைத்தவளே எச்சரித்தாள். அப்படி இருந்தும் இவர் துணிந்து எழும்பினார். அந்தத் துணிவைத்தான் இன்று கௌரவிக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் தலையணை இருந்ததால் நான் தட்டவில்லை. அந்த ஊர்ப் பெண் என் மனைவி லூசியா. அவள் அப்படி எதுவும் எச்சரிக்கவில்லை. எச்சரித்தது நான்.

2

நடந்தது இதுதான். அப்போது நான் மன்னாரில் ஒரு கந்தோரில் கிளாக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன் வாங்கப் பக்கத்துக் கடற்கரை ஊரான கீரிக்குப் போயிருந்தேன். கடல் வற்றிக் கிடந்தது. மேலே இரைச்சல் கேட்டது. பிறகு இரைச்சல் நின்றது. நின்றதுதான் பயமாக இருந்தது. வில்மொட் துரை ஈர மணலில் விமானத்தை வடிவாகவே இறக்கினார். ஆனால் ஓடி நிற்கும் நேரத்தில் வள்ளம் கட்டுகிற கம்பு ஒன்று கீழ் இறக்கையில் குத்தி, துணியை ஒரு முழத்துக்கு மேல் கிழித்துவிட்டது.

இயந்திரத்தில் இருந்தது சின்னக் கோளாறு. எண்ணெய்க் குழாயில் அடைப்பு. அதை அவரே அரை மணித்தியாலத்தில் சரிசெய்தார். இறக்கைதான் பெரிய பாடாய்ப் போயிற்று. அவரிடம் ஒட்டுத் துணி இருந்தது, துணிக்கு மேல் பூசி விறைக்க வைக்கிற மருந்து ஒரு தகரத்தில் இருந்தது, ஊசியும் இருந்தது. தைக்கத் தெரியவில்லை. அவர் போட்ட மூன்று தையலைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

லூசியா அப்போது கலியாணம் ஆகாதவள். தகப்பனுடைய வள்ளத்துக்குப் பாய் தைப்பாள், கோயிலுக்குப் பீடத் துணி தைப்பாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, துரையின் கையிலிருந்த ஊசியை ஒன்றும் சொல்லாமல் வாங்கினாள். அவர் போட்ட மூன்று தையலையும் முதலில் அறுத்தாள். வலை கட்டுகிற நூலை மெழுகில் இழுத்தெடுத்து, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு அறுந்தாலும் அடுத்த முடிச்சு அவிழாது. எருக்கலம்பிட்டியிலிருந்து வந்திருந்த துணி யாவாரி ஒருவர் வெயில் படாமல் ஒரு புதுச் சாரத்தை அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கே ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தைத்து முடிந்ததும் துரை என்னைப் பார்த்து, "இது எவ்வளவு காலம் தாங்கும் என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். லூசியா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: "நான் தைச்சது என்ர சீவியத்துக்கும் நிக்கும். அவர் போற இடமெல்லாம் போய்ச் சேர்ந்து அவிட்டுப் பாக்கட்டும்."

நான் துரையிடம் சொன்னது: "அடுத்த தடவை இறங்கும்வரை தாங்கலாம். அதற்கு மேல் தன்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்கிறாள்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், நான் கிளாக்கர். எதற்கும் 'ஆம்' என்று எழுதக் கூடாது, 'இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டும் என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். வெள்ளைக்காரர் கடலில் விழுந்தால் தைத்தவளைத் தேட மாட்டார்கள், தாங்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னவனைத்தான் தேடுவார்கள் என்பதும் அந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது.

துரையின் முகம் வெளுத்தது. என்றாலும் தொப்பியைக் கழற்றி லூசியாவுக்குத் தலை குனிந்தார்.

"என்னவாம்?" என்று அவள் கேட்டாள்.

"நல்ல வேலையாம்" என்றேன். அது உண்மை.

3

அந்த மொழிபெயர்ப்பால் எனக்கு இரண்டு நன்மை கிடைத்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலாவது, லூசியாவின் தகப்பன். வெள்ளைக்காரனுக்கும் தன் மகளுக்கும் நடுவில் நின்று இவ்வளவு நிதானமாகக் கதைத்த பொடியன் யார் என்று விசாரித்தார். மாரிக்காலம் முடிவதற்குள் எங்கள் பெயர்களைக் கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பாக வாசித்தார்கள்.

இரண்டாவது, வில்மொட் துரை. சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு கந்தோர் விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். கொட்டகைக்கு ஆள் தேவை, உம்மைப் போல உள்ளதை உள்ளபடி சொல்கிறவர் வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் லூசியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பெருமைப்பட்டாள்.

நாங்கள் இங்கே வந்த வருஷமே பிலோமினா பிறந்தாள். இப்போது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே அவளுடைய பெயர் 'மின்னி'. ஆங்கிலத்தில் கனவு காண்கிறாள், மலாயில் சண்டை பிடிக்கிறாள். தமிழ் அவளுக்குச் சாப்பாட்டு நேரத்து மொழி. பசி, போதும், உறைப்பு என்பதற்கெல்லாம் சொல் வைத்திருக்கிறாள். அதைத் தாண்டினால் தடுக்கி விழுகிறாள். லூசியாவுக்கோ ஆங்கிலம் வரவில்லை. ஆனால் சந்தைக்குப் போய் வந்து போய் வந்து பேசுகிற மலாய் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். மீன்காரனோடு அவள் கதைப்பதைக் கேட்டால் கீரியில் பிறந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விருந்து முடிந்து வீட்டுக்கு வந்து, வில்மொட் துரைக்குப் பதக்கம் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

"எங்கட இறக்கையைப் பற்றி ஏதும் சொன்னவையோ?" என்று கேட்டாள்.

"சொன்னவை" என்றேன். அதுவும் உண்மை.

4

திங்கட்கிழமைப் பத்திரிகை பாராட்டுரையை முழுதாகப் போட்டுவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பிலோமினா அதைத் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நான் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே லூசியா கேட்டாள்.

"நான் தைச்சது விட்டுப்போம் எண்டு நானே சொன்னதாம். ஆர் சொன்னது?"

"பேப்பர்க்காரங்கள் இப்பிடித்தான் கூட்டிக் குறைச்சுப் போடுவாங்கள்."

"இது பேப்பர்க்காரன் சொன்னதில்லையாம். சங்கத்துத் தலைவர் வாசிச்சதாம். பிள்ளை சொல்லுது."

"கெத்துவா பாச்சா" என்றாள் பிலோமினா, மலாயில். தலைவர் வாசித்தார் என்று அர்த்தம். தேவையான நேரத்தில் அவளுக்கு எல்லா மொழியும் வந்துவிடும்.

லூசியா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "பதக்கம் எனக்கு வேண்டாம். பேர் போடவும் வேண்டாம். ஆனா என்ர தையல் விடும் எண்டு நான் சொல்லேல்லை. அதை மாத்தச் சொல்லி எழுதுங்கோ" என்றாள்.

எழுதினேன். மிகவும் மரியாதையாக எழுதினேன். பாராட்டுரையில் இறக்கை தைத்ததைப் பற்றிய வாக்கியத்தில் சிறு ஐயம் இருப்பதாகவும், சங்கத்துக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்தால் நன்று என்றும் எழுதினேன். என்ன ஐயம் என்று எழுதவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. சங்கம் நான்கு விஷயம் கேட்டிருந்தது. எழுதுபவர் சங்கத்தின் உறுப்பினரா? இறக்கையைத் தைத்தவருக்கு விமானம் பழுதுபார்க்கும் அனுமதிப்பத்திரம் உண்டா? இருந்தால் அதன் இலக்கம் என்ன? தைத்ததைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டவர் யார்? கடைசியில் ஒரு குறிப்பும் இருந்தது. அனுமதி இல்லாதவர் தைத்திருந்தால் அந்தப் பயணம் முழுவதையும் மறுபரிசீலனை செய்ய நேரிடும்.

"என்ன எழுதியிருக்கினம்?" என்று லூசியா கேட்டாள்.

"விசாரிக்கினம்" என்றேன்.

கடிதத்தை மடித்து அலுமாரியில், துணிகளுக்கு அடியில் வைத்தேன். வில்மொட் துரையின் பதக்கத்தையும் என் வேலையையும் ஒரே தடவையில் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சங்கத்தின் காரியதரிசி அதே கடிதத்தின் பிரதி ஒன்றை வில்மொட் துரைக்கும் அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது.

5

அடுத்த ஞாயிறு பூசையிலிருந்து வந்து நாங்கள் சாப்பிட இருக்கும் நேரத்தில் துரை வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு கையில் தொப்பி, மறு கையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. எங்கள் குடியிருப்பு வரிசையில் வெள்ளைக்காரர் வந்தால் அது வாடகைக்கோ மலேரியாவுக்கோதான் இருக்கும். பக்கத்து வீட்டார் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள்.

"உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ" என்றாள் லூசியா. நான் சொல்வதற்குள் அவளே மலாயில் சொல்லிவிட்டாள். துரையும் மலாயிலேயே பதில் சொன்னார். அவருக்கும் சமையற்காரனோடு கதைத்துக் கதைத்து அதே சந்தை மலாய்தான். கீரிக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் கதைத்தது அன்றுதான். கீரிக் கரையில் இருவருக்கும் நடுவில் நான் தேவைப்பட்டேன். இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. என் மலாய் மோசம் என்றாலும், அன்று பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

துரை காகிதத்தை அவிழ்த்தார். உள்ளே ஒரு முழத்துக்கு மேற்பட்ட இறக்கைத் துணி. மஞ்சளாகி, விறைத்திருந்தது. பினாங்கில் அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் துணி போட்டபோது ஞாபகமாக எடுத்து வைத்ததாகவும், இது உங்களுக்கு உரியது என்று கொண்டுவந்ததாகவும் சொன்னார்.

லூசியா அதை யன்னலுக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒரு முடிச்சும் அசையவில்லை. சுற்றிவரக் கத்தியால் வெட்டிய அடையாளம் இருந்தது, நடுவில் தையல் அப்படியே இருந்தது.

"இது விடேல்லை" என்றாள் மலாயில்.

"விடவில்லை" என்றார் துரை. "ஒன்பது இடத்தில் இறங்கி ஏறினேன். விடவில்லை."

"அப்ப ஏன் வெட்டினீங்கள்?"

"நீங்கள் சொன்னீர்களே. அடுத்த தடவை இறங்கும்வரைதான் என்று. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, முதலில் இறக்கைக்குக் கீழே போய்ப் படுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் இன்றைக்குத்தான் கடைசி என்று நினைப்பேன். பினாங்கில் அந்தப் பயத்தை இனித் தாங்க முடியாமல் வெட்டச் சொன்னேன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றாள் லூசியா. "என்ர சீவியத்துக்கும் நிக்கும் எண்டு சொன்னனான்."

துரை என்னைப் பார்த்தார். லூசியாவும் என்னைப் பார்த்தாள். பிலோமினா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கி, என்ன விஷயம் என்று தெரியாமலே அவளும் என்னைப் பார்த்தாள்.

மலாயில் எனக்கு வந்த சொற்கள் கொஞ்சம்தான். "நான்தான். பயந்துபோனேன்" என்றேன். எந்த மொழியிலும் அதை வேறு விதமாகச் சொல்ல வழி தெரியவில்லை.

பிறகு துரை கதிரையில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்படியென்றால் நான் நல்ல இறக்கையோடுதான் பறந்திருக்கிறேன். துணிவு என்று கொடுத்த பதக்கத்தை நான் வைத்திருக்க முடியாது."

லூசியா யோசித்தாள். பிறகு மீன் விலை சொல்வது போலச் சொன்னாள்: "பயந்தது மெய்தானே? பயத்தோட ஒன்பது தரம் எழும்பினதும் மெய்தானே? பதக்கம் இருக்கட்டும். அதைத் தையல் தரேல்லை. என்ர தையலைப் பற்றிச் சொன்னதை மட்டும் திருத்துங்கோ."

துரை சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கணவாய்க் கறி உறைத்தது, கண்ணைத் துடைத்தார். உறைப்புத்தான் காரணம் என்று நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

6

லூசியா நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு வந்தது, உடுப்புத் தோய்த்து வந்தது. சொல் மட்டும் வரவில்லை. ஏதாவது சொல்ல இருந்தால் பிலோமினாவிடம் சொல்லி அனுப்பினாள். பிலோமினா அதைப் பாதி மலாயில் கொண்டுவந்து தந்தாள். அதனால் புதன்கிழமை எண்ணெய் வாங்கச் சொன்ன இடத்தில் நான் நெருப்புப்பெட்டி வாங்கி வந்தேன்.

ஐந்தாம் நாள் அவளாக வந்தாள்.

"பத்து வருஷம். ஒரு நாளும் சொல்லத் தோன்றேல்லையோ?"

"தோன்றினது. ஆனா அந்தச் சொல்லாலதானே உன்னைக் கட்டினனான். அதாலதானே இஞ்சை வந்தனாங்கள். எங்கை தொட்டு அவிழ்க்கிறது எண்டு தெரியேல்லை."

"அண்டைக்குக் கரையிலை நீங்கள் 'எனக்குத் தெரியாது' எண்டு சொல்லியிருந்தாலும் என்ர அப்பா உங்களைத்தான் விசாரிச்சிருப்பார்" என்றாள். "மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, சப்பாத்தோட தண்ணிக்குள்ள நிண்ட ஆள் நீங்கள் ஒராள்தான்."

அன்று பின்னேரமே சங்கத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் 'இருக்கலாம்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. தைத்தவர் சொன்னது இது, நான் மாற்றிச் சொன்னது இது, காரணம் என் பயம், பிழை முழுவதும் என்னுடையது. கையெழுத்து வைக்கும்போது வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஊருக்குத் திரும்பக் கப்பல் எப்போது என்றுகூட விசாரித்துவிட்டேன்.

காரியதரிசி என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் கடிதத்தைப் பரப்பி வைத்திருந்தார். கொட்டகையில் எல்லோருக்கும் நான் அன்டனிதான்.

"அன்டனி, இறக்கைத் துணியில் பிழை என்றால் விசாரணை. தையல் விட்டதா?"

"இல்லை, சேர்."

"அப்படியென்றால் விசாரிக்க ஒன்றுமில்லை. மொழியில்தான் பிழை. மொழி எங்கள் சட்டத்துக்குள் வராது. மொழிபெயர்க்க அனுமதிப்பத்திரமும் தேவையில்லை" என்றார். அவர் முகத்தில் இவ்வளவு நிம்மதியை நான் முன்னர் கண்டதில்லை. பதக்கம் தப்பியது, சங்கம் தப்பியது. என் வேலையும் தப்பியது. ஆனால் இனிச் சங்கத்தின் காரியமாக நான் எங்கும் மொழிபெயர்க்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அடுத்த மாதச் சங்க வெளியீட்டின் பின்பக்கத்தில் திருத்தம் வந்தது. இலங்கை, கீரியில் திருமதி அன்டனி தைத்த இறக்கை பினாங்குவரைக்கும் பழுதின்றித் தாங்கியது. தையல் தாங்காது என்று வாசிக்கப்பட்டது மொழிபெயர்த்த திரு. ச. அந்தோனிப்பிள்ளையின் பிழை. என் பெயரை இந்த நாட்டில் ஒரு எழுத்தும் பிசகாமல் அச்சில் பார்த்தது அன்றுதான்.

பிலோமினா வாசித்துக் காட்டினாள். லூசியா கவனமாகக் கேட்டாள்.

"திருமதி அன்டனி எண்டா ஆர்?"

"நீங்கள், அம்மா."

"ரெண்டு இடத்திலையும் அப்பான்ர பேர்தானே இருக்கு" என்றாள். ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கீரிக்கு அனுப்பச் சொன்னாள். பூசை முடிந்து பங்குச் சுவாமியார் அதைச் சனத்துக்குத் தமிழில் சொன்னாராம். என் பெயரை விட்டுவிட்டாராம். ஊரில் கொஞ்சம் இரக்கம் மிச்சம் இருக்கிறது.

7

போன சனிக்கிழமை இந்த வருஷத்து விருந்து. பதக்கம் வேறொருவருக்கு. சேவகனுக்குச் சுகம். ஆனால் வில்மொட் துரை எழுதிக் கேட்டு, எங்கள் மூன்று பேருக்கும் அழைப்பு வந்திருந்தது. நான் எண்ணி வைத்த கதிரையில் நானே இருந்தேன். லூசியா கலியாணச் சேலையை உடுத்தி வந்திருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தலைவரின் மனைவி எங்கள் மேசைக்கு வந்தார். வயது போனவர். அவருடைய மகனும் விமானிதான், எங்கோ வடக்கே தபால் விமானம் ஓட்டுகிறான் என்று துரை சொல்லியிருந்தார். லூசியாவின் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "ஒரு மனிதனின் உயிர் உங்கள் தையலில் தொங்குகிறது என்று தெரிந்தபோது, உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா?"

நான் வாயைத் திறந்தேன். லூசியா என் கையில் தட்டினாள்.

"நீங்கள் பேசாம இருங்கோ. பிள்ளை சொல்லட்டும்."

பிலோமினா கேள்வியைத் தாய்க்கு ஒருவாறு சொல்லி முடித்தாள். லூசியா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"பயமில்லாமலோ? தையல் நிக்கும் எண்டு தெரியும். எண்டாலும் ஒரு தாய் பெத்த பிள்ளையெல்லோ மேலை போகுது. மூண்டு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை."

இதை அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கலியாணத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் பயந்த அதே நாளில் அவளும் பயந்திருக்கிறாள்.

பிலோமினா நெற்றியைச் சுருக்கினாள். பிறகு தெளிவான ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்வது போல நிமிர்ந்து நின்று சொன்னாள்: "என் அம்மா பயப்படவில்லை. அந்த விமானியைத் தன் சொந்தப் பிள்ளையாக நினைத்தார். அவருக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தார்."

தலைவரின் மனைவி லூசியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். எங்கள் மேசையிலேயே இருந்த வில்மொட் துரை தொப்பியைத் தேடுவது போல மேசைக்குக் கீழே குனிந்தார்.

தலைவரின் மனைவி எழுந்து போன பிறகு லூசியா பிலோமினாவிடம் கேட்டாள்: "நான் சொன்னதை அப்பிடியே சொன்னியோ?"

"ஓம், அம்மா. எல்லாம் சொன்னனான்."

லூசியா என் பக்கம் திரும்பினாள். "சரியாச் சொன்னதோ?"

மொழிபெயர்க்கக் கூடாது என்றுதான் கையெழுத்து வைத்திருக்கிறேன். மற்றவர் மொழிபெயர்த்ததைப் பற்றி ஒன்றுமில்லை.

"சரியாத்தான் சொன்னது" என்றேன்.